வேகத்தின் கதை – 6: நாற்பது கால் சிப்பும் எண்பது டொலர் பங்கும்

சென்ற வாரம் ஐபிஎம்மின் முதல் தனியாள் கணினியோடு நிறுத்தியிருந்தோம். 1981 ஆகஸ்ட் 12 அன்று நியூயோர்க்கில் அறிமுகமான அந்தப் பெட்டிக்குள் இன்டெல்லின் 8088 புரோசசர் இருந்தது. 4.77 மெகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 48 இலட்சம் துடிப்பு. உள்ளே 16 பிட் அகலத்தில் கணக்குப் போடும். வெளியே நினைவகத்தோடு 8 பிட் அகலத்தில்தான் பேசும். மலிவான 8 பிட் உதிரிச் சிப்புகளை வைத்துப் பெட்டியைக் கட்டிவிடலாம் என்பதற்காக ஐபிஎம் தெரிந்தே ஏற்றுக்கொண்ட குறை அது.

அந்தக் குறையோடு இலட்சக்கணக்கான பெட்டிகள் விற்றுப்போயின. வாங்கியவர்கள் இரண்டு மூன்று வருடங்களிலேயே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்: இதை வேகமாக்க ஏதாவது வழி இருக்கிறதா?

* * *

றெஜிபோமில் குத்திய சிப்

அதே கேள்வியை நான் பதினைந்து வருடம் பிந்திக் கேட்டேன், வட்டுக்கோட்டையில்.

1990 நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. என் வயதுக்காரர் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சியை நோக்கி நடந்தது. அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இருந்ததே பெரிய காரியம். அதற்குப் பிறகு, ஜெனரேட்டர் ஓடுகிற இரண்டு மணித்தியாலத்துக்குள் பாடம் முடிந்துவிட வேண்டிய ஒரு கணினி வகுப்பில் சேர்ந்தேன். உலகத்தில் பென்டியம் வந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது. எனக்குக் கிடைத்தது எக்ஸ்டி எனப்படும் 8088 ரகப் பழைய பெட்டி.

ஒருநாள் சேர் மூடியைக் கழற்றிக் காட்டினார். மதர்போர்டில் நீளமான கறுப்புச் சிப் ஒன்று. பக்கத்துக்கு இருபது கால், மொத்தம் நாற்பது. நான் படித்த குறிப்பில் 8088 என்று இருந்தது. சிப்பின் முதுகிலோ ‘என்இசி’ என்றும் ‘வி20’ என்றும் அச்சிட்டிருந்தது.

“சேர், இது வேற சாமானெல்லோ?”

“வேற சாமான்தான். ஆனா அதே கால், அதே இடம். பழசு என்னட்டை இருக்கு, பார்.”

ஒரு பவுடர் டின்னைத் திறந்தார். உள்ளே றெஜிபோம் துண்டு ஒன்றில் குத்தியபடி இன்டெல்லின் 8088 இருந்தது. ஒரு கால்கூட வளையவில்லை.

“மாத்திப் பார்க்கப் போறியோ? மெல்லக் கிளப்பு தம்பி. ஒரு பக்கத்தை மட்டும் நெம்பினா கால் வளைஞ்சிடும். வெட்டு எந்தப் பக்கம் இருக்கெண்டு முதல் பார்.”

மெல்லிய ஸ்குரூ ட்ரைவரை இரண்டு முனையிலும் மாறி மாறிச் செருகி, நகக்கண் அளவு நகக்கண் அளவாகக் கிளப்பினேன். சிப் சொக்கெட்டை விட்டு வெளியே வந்தபோது சிறிய ‘டக்’ என்ற சத்தம். அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. கோயில் கருவறைக்குள் கைவைத்த பயம்.

இரண்டு சிப்பையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். நோர்ட்டனின் எஸ்ஐ என்ற அளவுகோல் நிரல், வி20 இருக்கும்போது வேகம் ஒன்றரை மடங்குக்கும் மேல் என்றது. நான் துள்ளினேன். சேர் ஒன்றும் சொல்லாமல் வேர்ட்ஸ்டாரில் ஒரு நீளமான கடிதத்தைத் திறந்து பக்கம் பக்கமாக உருட்டச் சொன்னார். இரண்டு சிப்புக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. பேசிக்கில் எழுதிய பகா எண் கணக்கை ஓடவிட்டு அவருடைய கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்தோம். ஐம்பது விநாடி சொச்சம் எடுத்த கணக்கு நாற்பதுக்குச் சற்று மேலே முடிந்தது.

ஒரே சிப்புக்கு மூன்று விடை. இதற்குள் ஜெனரேட்டர் நின்றுவிட்டது.

* * *

ஏன் சிப்பையே மாற்ற வேண்டியிருந்தது?

வேகம் வேண்டுமென்றால் துடிப்பைக் கூட்டலாமே என்று தோன்றும். ஐபிஎம் பெட்டியில் அது முடியாத காரியம். காரணம் தொலைக்காட்சி.

அந்த மதர்போர்டில் 14.318 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்று இருந்தது. அதை நான்கால் வகுத்தால் 3.58, அமெரிக்க வர்ணத் தொலைக்காட்சிக்கு வேண்டிய நிறச் சைகை அது. வீட்டுத் தொலைக்காட்சியிலும் படம் காட்டலாம் என்பதற்காக அந்தப் படிகத்தைத் தேர்ந்தார்கள். அதையே மூன்றால் வகுத்துப் புரோசசருக்குக் கொடுத்தார்கள், 4.77 வந்தது. பன்னிரண்டால் வகுத்து நேரம் காட்டும் சிப்புக்குக் கொடுத்தார்கள். 8088 விநாடிக்கு 50 இலட்சம் துடிப்பைத் தாங்கக் கூடியது. ஆனால் ஒரே படிகத்தில் மூன்று பேர் தொங்கியதால் அந்தச் சிறு மிச்சத்தைக்கூட எடுக்க முடியவில்லை. படிகத்தை மாற்றினால் திரையின் நிறம் கெடும், கணினியின் கடிகாரம் தவறும்.

1984 ஆகஸ்டில் ஐபிஎம் கொண்டுவந்த ஏடி ரகத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அதில் 80286 புரோசசருக்குத் தனிப் படிகம், அதுவும் கழற்றக் கூடியது. 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை இரண்டால் வகுத்து 6-இல் ஓடிய பெட்டியில், 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகி 8-இல் ஓட்டினார்கள் பயனாளர்கள். சில டொலர் செலவில் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடியது. ஐபிஎம் அதை விரும்பவில்லை. அடுத்து வந்த ஏடி பெட்டிகளை எழுப்பும் பயோஸ் நிரலில் ஒரு சோதனையை நுழைத்தது: துடிப்பு அதிகமென்று கண்டால் கணினி எழும்பாது. தன் காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் ஒருவர் ஒரு படிகத்தை மாற்றக் கூடாது என்று தயாரித்தவர் பூட்டுப் போட்டது, எனக்கு இன்றைக்கும் ஏற்க முடியாத செயல்.

ஆக, பழைய ஐபிஎம் பெட்டிக்காரருக்கு மிஞ்சியது ஒரே வாசல். அந்த நாற்பது கால் சொக்கெட்.

* * *

ஜப்பானில் இருந்து வந்த இரட்டை

1984-இல் ஜப்பானின் என்இசி நிறுவனம் வி20 சிப்பை வெளியிட்டது. 8088 இருந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். அதே துடிப்பு, அதே நிரல்கள். ஐபிஎம்மின் அனுமதி வேண்டாம், புதிய மதர்போர்ட் வேண்டாம்.

உள்ளே மட்டும் வேறு ஆள். 8088-இல் 29,000 டிரான்சிஸ்டர், வி20-இல் 63,000. அந்த மேலதிகத்தை எங்கே செலவழித்தார்கள் என்பதில்தான் வி20-இன் கதை இருக்கிறது.

பெருக்கலை எடுத்துக்கொள்வோம். 16 பிட் எண்கள் இரண்டைப் பெருக்க 8088-க்கு 118 முதல் 133 துடிப்பு வேண்டும். பள்ளிக்கூடத்தில் நாம் செய்கிற மாதிரியே, ஒவ்வோர் இலக்கமாக எடுத்து, இடம் தள்ளி, கூட்டி, மறுபடி இடம் தள்ளி முடிக்கும். வி20 அதே கணக்கை ஏறத்தாழ 30 துடிப்பில் முடித்தது. நினைவகத்தில் எந்த முகவரிக்குப் போவது என்று கணிக்க 8088 ஐந்து முதல் பன்னிரண்டு துடிப்பு செலவழித்தது. வி20-க்கு இரண்டு போதும். அதற்கென்றே தனிச் சுற்று வைத்திருந்தார்கள். உள்ளே எண்கள் போய்வர ஒரு பாதைக்குப் பதில் இரண்டு பாதை.

கேட்டால் நான்கு மடங்கு வேகம் வந்திருக்க வேண்டும் போலிருக்கும். வரவில்லையே, ஏன்?

* * *

கிணறும் மெஷினும்

எங்கள் தோட்டக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலம் போய் மண்ணெண்ணெய் மெஷின் வந்தது. வெங்காயத் தறைக்கு இன்னும் பெரிய மெஷின் வாங்கி வைத்தால் என்ன நடக்கும்? வாய்க்கால் அதே அகலம் என்றால் வரம்பு உடைத்துக்கொண்டு போகும். ஊற்று அதே ஊற்று என்றால் கிணறு வற்றி, மெஷின் காற்றை இழுக்கும். தறை நனைகிற நேரத்தை மெஷின் மட்டும் தீர்மானிப்பதில்லை.

8088 நினைவகத்தில் இருந்து ஒரு பைட்டை எடுக்க நான்கு துடிப்பு ஆகும். 4.77 மெகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு 210 நானோ விநாடி. நான்கு துடிப்பு ஏறத்தாழ 840. விநாடி முழுக்க வேறு வேலையே பார்க்காமல் அள்ளினாலும் 12 இலட்சம் பைட்டுக்கு மேல் வராது. வாய்க்காலின் அகலம் அவ்வளவுதான். வி20-ஐப் போட்டாலும் அதே சொக்கெட், அதே 8 கம்பி, அதே நான்கு துடிப்பு.

சிப்புக்குள்ளேயே இருக்கும் இரண்டு எண்களைக் கூட்டும் கட்டளை ஒன்றைப் பாருங்கள். அதைச் செய்து முடிக்க 8088-க்கு 3 துடிப்பு, வி20-க்கு 2. ஆனால் அந்தக் கட்டளையே இரண்டு பைட் நீளம். அதை நினைவகத்தில் இருந்து கொண்டுவர 8 துடிப்பு. மூன்றை இரண்டாக்கி என்ன பயன்? அடுத்த கட்டளை வந்து சேரும்வரை இரண்டு சிப்பும் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதுதான்.

பெருக்கல் கட்டளையும் இரண்டு பைட்தான். கொண்டுவர அதே 8 துடிப்பு. ஆனால் உள்ளே செய்கிற வேலை நூறுக்கு மேல் இருந்து முப்பதுக்கு இறங்குகிறது. இங்கே வித்தியாசம் பெரிது.

என் வகுப்பில் வந்த மூன்று விடைக்கும் விளக்கம் இதுதான். நோர்ட்டனின் நிரல் பெருக்கல், வகுத்தல் போன்ற கனமான கணக்குகளில் சாய்ந்திருந்தது, அதனால் வி20-ஐத் தூக்கிக் காட்டியது. வேர்ட்ஸ்டார் பெரும்பாலும் எழுத்துகளை நினைவகத்தில் இருந்து திரைக்கு அள்ளிக்கொண்டிருந்தது, வாய்க்கால் வேலை. பேசிக் நிரலில் இரண்டும் கலந்திருந்தன. அன்றாட வேலைகளில் வி20 கொடுத்த ஆதாயம் நூற்றுக்கு ஐந்தில் இருந்து முப்பது வரை. எந்த நிரலை ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

அது குறைந்த ஆதாயம் என்று நான் சொல்லமாட்டேன். புதுக் கணினி வாங்க வழியில்லாத ஒருவர், ஒரு மாலைப் பொழுதில், தன் கையாலேயே பெற்ற வேகம் அது. கணினி வரலாறு எழுதுகிறவர்கள் புதிய இயந்திரம் வந்த திகதிகளை மட்டும் அடுக்கிக்கொண்டு போகிறார்கள். பழைய இயந்திரத்தை விடாமல் பிடித்து வைத்திருந்தவர்களும் இந்த வரலாற்றின் ஆட்கள்தான்.

* * *

சமையல் குறிப்புக்கு உரிமையாளர் யார்?

வி20 கடைக்கு வந்த அதே 1984-இன் டிசம்பரில் கதை நீதிமன்றம் ஏறியது.

இன்டெல்லுக்கு அது கெட்ட காலம். நினைவகச் சிப் சந்தையை ஜப்பானிய நிறுவனங்கள் கைப்பற்றிக்கொண்டிருந்தன. 1985-இல் இன்டெல் தான் தொடங்கி வளர்த்த டிராம் நினைவகச் சிப் தொழிலையே கைவிட்டது. 1986-இல் 17 கோடி டொலருக்கு மேல் நட்டம். மிஞ்சியிருந்த பெரிய சொத்து புரோசசர். அங்கேயும் ஒரு ஜப்பானிய நிறுவனம், இன்டெல்லின் சொக்கெட்டிலேயே உட்கார வந்திருந்தது.

இன்டெல்லின் குற்றச்சாட்டு மைக்ரோகோட் பற்றியது. பெருக்கு என்று ஒரு கட்டளை வந்தால், இடம் தள்ளு, கூட்டு, மறுபடி தள்ளு என்று சிப்புக்குள்ளேயே பதிந்து வைத்திருக்கும் சிறு சிறு அடிகளின் தொகுப்பு அது. ஒரு சமையல் குறிப்பு மாதிரி. அந்தக் குறிப்பை என்இசி பார்த்து எழுதிவிட்டது என்றது இன்டெல். பார்த்து எழுதவில்லை என்று தீர்ப்புத் தரும்படி கேட்டு என்இசியே முதலில் கலிபோர்னியா நீதிமன்றத்துக்குப் போனது. இன்டெல் எதிர்வழக்குப் போட்டது.

அதுவரை எந்த நீதிமன்றமும் தொடாத கேள்வி. சிப்புக்குள் உறைந்திருக்கும் கட்டளைத் தொகுப்பு இயந்திரத்தின் உறுப்பா, புத்தகம் போல ஒருவர் எழுதிய எழுத்தா? எழுத்து என்றால் அதற்குப் பதிப்புரிமை உண்டு.

1986-இல் நீதிபதி இங்ரம் தீர்ப்பளித்தார்: அது எழுத்துத்தான், பதிப்புரிமை உண்டு. இன்டெல் பக்கம் நிம்மதிப் பெருமூச்சு.

நிம்மதி நீடிக்கவில்லை. அந்த நீதிபதி ஒரு முதலீட்டுக் குழுவில் உறுப்பினர். அந்தக் குழுவிடம் இன்டெல் பங்குகள் இருந்தன. அதில் அவருடைய பாகம் எவ்வளவு? ஏறத்தாழ 80 டொலர்.

எண்பது டொலர்! கோடிக்கணக்கில் பணம் தொங்கிய வழக்கு அந்த எண்பதில் தடுக்கி விழுந்தது. நீதிபதி விலக வேண்டியதாயிற்று, அவருடைய தீர்ப்பு இரத்தானது. வேறொரு நீதிபதி, கிரே என்பவர், முதலில் இருந்து தொடங்கினார்.

* * *

1989 பெப்ரவரி

இரண்டாம் விசாரணையில் என்இசி ஒரு துணிச்சலான சாட்சியத்தை முன்வைத்தது.

வி20-இன் மைக்ரோகோடை எழுதிய பொறியியலாளர் கனேகோ, இன்டெல்லின் குறிப்பைப் பிரித்துப் பார்த்தவர். அதை என்இசி மறைக்க முடியாது. ஆகவே அந்தக் குறிப்பைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு நிரலாளரைப் பிடித்து, தனியே உட்கார வைத்து, அதே சிப்புக்கு அதே வேலைகளைச் செய்யும் மைக்ரோகோடைப் புதிதாக எழுதச் சொன்னார்கள். அவர் எழுதியது எப்படி வந்தது? முக்கியமான பல இடங்களில் இன்டெல்லின் குறிப்பைப் போலவே வந்தது.

இதைப் படித்தபோது கரோல் விசுவநாதபிள்ளை என் நினைவுக்கு வந்தார். வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்து, 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரானவர். விசுவநாதபிள்ளை தமிழில் பீஜகணிதம் எழுதிய ஆசிரியர். அவருடைய மாணவன் ஒருவன் போட்ட நீள் பெருக்கலையும் லண்டனில் ஒரு பையன் போட்ட நீள் பெருக்கலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அடிக்கு அடி ஒன்றாகத்தான் இருக்கும். ஒருவன் மற்றவனைப் பார்த்து எழுதினான் என்று யார் சொல்வார்கள்? பெருக்க வேண்டிய எண்ணும் பெருக்கும் முறையும் ஒன்றானால், எழுதும் வழி வேறாக இருக்க இடமே இல்லை.

நீதிபதி கிரேயின் தீர்ப்பு 1989 பெப்ரவரியில் வந்தது. மைக்ரோகோடுக்குப் பதிப்புரிமை உண்டு. அந்த அளவில் இன்டெல் கேட்டது கிடைத்தது. ஆனால் என்இசி அதை மீறவில்லை. ஒத்துப்போன இடங்கள் சிப்பின் அமைப்பே கட்டாயப்படுத்தியவை. போதாததற்கு, இன்டெல்லின் உரிமம் பெற்று 8086, 8088 சிப்புகளைச் செய்தவர்கள் பதிப்புரிமைக் குறியை அச்சிடாமலே விற்றிருந்தார்கள், அதைத் திருத்த இன்டெல் போதிய அக்கறை காட்டவில்லை. அதனால் அந்தக் குறிப்பின் மேல் இருந்த உரிமையையே அது இழந்துவிட்டது.

என்இசி வென்றது. ஆனால் நான்கு வருடம் போயிருந்தது. 1984-இல் சூடாக இருந்த சிப் 1989-இல் பழைய பெட்டிக்காரரின் சிப். இடைப்பட்ட காலத்தில் சந்தை வேறு பக்கம் ஓடிவிட்டது.

* * *

கதவு மூடியது

ஓடவைத்தது இன்டெல்தான்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1985 ஒக்டோபரில், இன்டெல் 80386-ஐ அறிவித்தது. உள்ளும் புறமும் 32 பிட். 8088-இன் வாய்க்காலைப் போல நான்கு மடங்கு அகலம். கணக்கும் வேகம், அள்ளலும் வேகம்.

அதோடு இன்டெல் எடுத்த இன்னொரு முடிவு, 386-ஐவிடப் பெரியது என்று நான் நினைக்கிறேன். 8088 காலத்தில் ஐபிஎம்மின் வற்புறுத்தலால் ஏஎம்டி போன்றவர்களுக்கும் உரிமம் கொடுத்து ஒரே சிப்பைப் பல தொழிற்சாலைகளில் செய்யவிட்டது. 386-க்கு அந்தக் கதவைச் சாத்தியது. இனி இது எங்களிடம் மட்டும்தான் கிடைக்கும் என்றது. 1986 செப்டெம்பரில் கொம்பாக் நிறுவனம் ஐபிஎம்மையே முந்திக்கொண்டு 386 கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பழைய பெட்டிக்காரர் என்ன செய்தார்? வி20 போட்டவருக்கு ஆசை அடங்கவில்லை. 386-இன் பெயர் அவர் காதிலும் விழுந்தது. அவர் மேசையில் ஐபிஎம் பெட்டி இன்னும் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. திரை இருந்தது, விசைப்பலகை இருந்தது, ஹார்ட் டிஸ்க்கும் வாங்கிப் பூட்டியாயிற்று. ஒரு சிப்புக்காக எல்லாவற்றையும் தூக்கி எறிய மனம் வருமா?

ஆனால் சொக்கெட்டைப் பாருங்கள். அவரிடம் இருப்பது நாற்பது துளை. 386-க்கோ 132 கால்கள். அவையும் இரண்டு வரிசையில் இல்லை, சதுரமாகச் சுற்றிச் சுற்றி நிற்கின்றன.

1987-இல் இன்டெல்லே அந்தப் பழைய பெட்டிக்காரரின் வாசலுக்கு வந்து, ‘உங்கள் பெட்டிக்குள் 386-ஐப் பூட்டித் தருகிறோம்’ என்றது. 132 காலை அந்த நாற்பது துளைக்குள் எப்படி இறக்கினார்கள்? இறக்கிய பிறகு, அந்த ஒடுங்கிய பழைய வாய்க்காலை என்ன செய்தார்கள்?

(தொடரும்)